ஊராட்சிப் பள்ளியா, உதவி பெறும் பள்ளியா, நர்சரியா? ஒன்றாம் வகுப்புக்கு முன் பார்க்க வேண்டிய கணக்கு

32 பிள்ளைகள், 2 ஆசிரியர்கள். வகுத்துப் பார்த்தால் ஆசிரியருக்கு 16 பேர். கட்டாயக் கல்விச் சட்டம் தொடக்கப்பள்ளிக்குக் கேட்பது 30 பிள்ளைக்கு ஓர் ஆசிரியர்தான். காகிதத்தில் இது அருமையான பள்ளி. உள்ளே போனால் ஐந்து வகுப்புகள், இரண்டு பேர். அந்த இருவரில் ஒருவர் தலைமையாசிரியர். வட்டாரக் கல்வி அலுவலகத்தில் கூட்டம் என்று அவர் கிளம்பிவிட்டால் ஐந்து வகுப்பும் மற்றவர் கையில்.

தமிழ்நாட்டின் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளிகளில் இப்படிப்பட்ட ஈராசிரியர் பள்ளிகள் ஏராளம். அதனால் பள்ளிகளை ஒப்பிடும்போது மாணவர்-ஆசிரியர் விகிதத்தை நான் நம்புவதில்லை. ஓர் ஆசிரியர் தலையில் எத்தனை வகுப்பு என்று கேட்பதுதான் சரியான கேள்வி. ஒரு சிறு நகரத்துப் பெற்றோருக்குப் பொதுவாக முன்னால் இருப்பவை மூன்று: அரசுத் தொடக்கப்பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி, பக்கத்துத் தெருவில் வேன் விடும் நர்சரி பிரைமரி. மூன்றையும் இந்தக் கேள்வியை வைத்தே பார்க்கலாம்.

அரசுப் பள்ளியில் ஆசிரியர் எண்ணிக்கையைத் தீர்மானிப்பது ஆகஸ்ட் 1 அன்று வருகைப் பதிவேட்டில் இருக்கும் பெயர்கள். 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர், 61 முதல் 90 வரை 3, 91 முதல் 120 வரை 4 என்பது சட்டத்தின் அட்டவணை. பிள்ளைகள் குறைந்தால் ஒருவர் 'உபரி' ஆவார், பணிநிரவலில் வேறு பள்ளிக்குப் போவார். ஆசிரியர் போனதும், "அங்க ஆளே இல்லைங்க" என்று சொல்லி இன்னும் நாலு பேர் பிள்ளையை எடுத்துக்கொண்டு போவார்கள். அடுத்த ஆகஸ்டில் கணக்கு இன்னும் கீழே. கோடை விடுமுறையில் அரசுப் பள்ளி ஆசிரியர்கள் துண்டுப் பிரசுரத்தோடு வீடு வீடாக ஏறி இறங்குவதற்கு இதுதான் காரணம்.

உதவி பெறும் பள்ளியில் சம்பளம் அரசுடையது, நியமனம் நிர்வாகத்துடையது. பழைய மிஷன் பள்ளிகள், ஊர்ப் பெரியவர்கள் தொடங்கிய இந்துப் பள்ளிகள், முஸ்லிம் பள்ளிகள் எல்லாம் இந்த வகை. ஊர் நடுவில் இருப்பதால் பல பள்ளிகளில் இன்னும் வகுப்புக்கு ஒருவர் என்கிற அளவுக்குப் பிள்ளைகள் வருகிறார்கள். ஆசிரியர்களும் அடிக்கடி மாறுவதில்லை. மாவட்டம் விட்டு மாவட்டம் போகும் கலந்தாய்வு அவர்களுக்குக் கிடையாது. ஒருவர் ஓய்வு பெறும்போதுதான் சிக்கல் தொடங்கும். புதியவரை நிர்வாகம் நியமித்துத் துறை ஒப்புதல் தரும்வரை அந்த இடம் காலியாக இருக்கும், அல்லது நிர்வாகம் தன் காசில் ஒருவரை வைத்து ஓட்டும். இன்னொன்றும் உண்டு. ஒரே வளாகத்தில் உதவி பெறும் தமிழ்வழிப் பிரிவும் கட்டணம் வாங்கும் சுயநிதி ஆங்கிலவழிப் பிரிவும் நடக்கும். பெயர்ப் பலகை ஒன்று, கணக்கு இரண்டு. சேர்க்கும்போது எந்தப் பிரிவு என்று வாய்விட்டுக் கேட்டுவிடுங்கள்.

நர்சரி பள்ளியில் வகுப்புக்கு ஒரு மிஸ் கண்டிப்பாக இருப்பார். பெற்றோரை இழுப்பது பாதிக்கு மேல் இதுதான், அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் அந்த மிஸ் அடுத்த ஜூனிலும் இருப்பாரா? அரசுப் பள்ளி இடைநிலை ஆசிரியரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 20,600 ரூபாய். 2009 ஜூன் 1-க்குப் பிறகு சேர்ந்தவர்கள் அதையே குறைவு என்று ஆண்டுக்கணக்கில் போராடி வருகிறார்கள். சின்ன நர்சரி பள்ளி ஒன்றில் அதில் பாதி கிடைத்தாலே பெரிய விஷயம். கல்யாணம், பிரசவம், பக்கத்துப் பள்ளியில் ஆயிரம் ரூபாய் கூடுதல் என்று ஏதாவது ஒரு காரணத்தால் ஆள் மாறிக்கொண்டே இருப்பார். ஆசிரியர் பயிற்சியும் தகுதித் தேர்வும் சட்டப்படி இவர்களுக்கும் தேவைதான். எத்தனை பேரிடம் அவை இருக்கின்றன என்று எந்தப் பள்ளியும் வாசலில் எழுதி வைப்பதில்லை.

தகுதித் தேர்வு என்றதும் அரசுப் பள்ளியையும் சொல்லியாக வேண்டும். 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பின்படி, ஓய்வுக்கு ஐந்து ஆண்டுகளுக்கு மேல் இருக்கும் ஆசிரியர்கள் இரண்டு ஆண்டுகளுக்குள் தகுதித் தேர்வில் தேற வேண்டும். இருபது வருடம் பாடம் நடத்தியவர்கள்கூட இப்போது உளவியல் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருக்கிறார்கள். இது பிள்ளைகளுக்கு நல்லதா, வகுப்பு நேரத்தைத் தின்னுமா என்பது பள்ளிக்குப் பள்ளி மாறும்.

அடுத்து, யார் படிக்கிறார்கள் என்பது. அரசுத் தொடக்கப்பள்ளியில் பெரும்பாலும் கூலி வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள். பட்டியல் சமூகத்தினரும் மிகப் பிற்படுத்தப்பட்டோரும் அதிகம். ஒரே வீட்டில் பையன் நர்சரி வேனிலும் பெண் ஊராட்சிப் பள்ளிக்கு நடந்தும் போவதை இன்றும் பார்க்கலாம். திருப்பூர், சென்னைப் புறநகர் போன்ற தொழில் பகுதிகளில் பீகார், ஒடிசாவிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகளும் உட்கார்ந்திருக்கிறார்கள். வீட்டில் இந்தியோ ஒடியாவோ பேசிவிட்டு இங்கே 'அ, ஆ' எழுதுகிறார்கள். உதவி பெறும் பள்ளியில் ஊரின் எல்லாத் தெருவும் கொஞ்சம் கொஞ்சம் கலந்திருக்கும். நர்சரியில் கட்டணம் கட்ட முடிந்தவர்கள், அவர்களோடு கட்டாயக் கல்விச் சட்டத்தின் 25 சதவீத இலவச ஒதுக்கீட்டில் வந்தவர்கள்.

அந்த ஒதுக்கீட்டை நம்பி இருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அது நுழைவு வகுப்பில் மட்டும்தான். எல்.கே.ஜி. இருக்கும் பள்ளியில் எல்.கே.ஜி.யில் தவறவிட்டால் ஒன்றாம் வகுப்பில் பிடிக்க முடியாது. சிறுபான்மைப் பள்ளிகளுக்கு இது பொருந்தாது என்று 2014-ல் தீர்ப்பு வந்துவிட்டது. மத்திய, மாநில அரசுகளின் நிதித் தகராறில் 2025-26 சேர்க்கை அக்டோபர் வரை இழுத்துக்கொண்டு போனதையும் நினைவில் வையுங்கள். கட்டணம் இல்லை என்று சேர்த்த பிறகு சீருடை, புத்தகம், வேன் என்று தனி ரசீது நீளுவதும் பல இடங்களில் நடக்கிறது.

சரி, எங்கே நன்றாகப் படிக்கிறார்கள்? ஐந்தாம் வகுப்பு வரை இதற்கு நேரான பதில் கிடையாது. எட்டாம் வகுப்பு வரை யாரையும் ஃபெயில் ஆக்குவதில்லை. 5, 8 வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு என்று அறிவித்த அரசே 2020 பிப்ரவரியில் அதைத் திரும்பப் பெற்றது. ஆகவே "எங்க ஸ்கூல்ல ஹண்ட்ரட் பர்சென்ட் ரிசல்ட்" என்று நர்சரி பள்ளிக்காரர் சொன்னால் அது எந்தத் தேர்வு என்று கேட்கலாம். வெளியிலிருந்து அளந்தவற்றில் பலரும் பேசுவது 'அசர்' என்னும் கிராமப்புற வீட்டுக் கணக்கெடுப்பு. இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கத் தெரிந்த மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் தமிழ்நாட்டில் 2018-ல் 10 சதவீதம், 2022-ல் சுமார் 5 சதவீதம். 2024-ல் அது மறுபடி 10-ஐத் தாண்டியது. கொரோனாவில் பள்ளிகள் பூட்டிக் கிடந்ததை நடுவில் வைத்துத்தான் இந்த எண்களைப் படிக்க வேண்டும். இவை அரசு, தனியார் என எல்லாப் பிள்ளைகளையும் சேர்த்த எண்கள். காசு கட்டியதால் வாசிப்பு வந்துவிடும் என்பதற்கு இதில் பெரிய ஆறுதல் இல்லை.

கொரோனாவில் வந்த சரிவைப் பார்த்து 2022-ல் அரசு தொடங்கிய திட்டம்தான் 'எண்ணும் எழுத்தும்'. ஒன்று முதல் மூன்று வரையிலான பிள்ளைகளை வகுப்பைப் பார்க்காமல் கற்றல் நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துச் சொல்லித் தருகிறார்கள். நான் முதலில் சொன்ன ஈராசிரியர் பள்ளிக்கு இது பொருந்திப் போகிறது. மூன்று வகுப்பும் ஓர் அறையில் ஓர் ஆசிரியரிடம் இருப்பது குறை என்பது போய், பாடமுறையே அப்படி ஆகிவிட்டது. 2023-24-ல் நான்கு, ஐந்துக்கும் நீட்டினார்கள். அங்கே எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. ஐந்தாம் வகுப்புப் பாடம் அதிகம், அதற்குத் தனி ஆள் வேண்டும். மதிப்பீட்டை எல்லாம் கைப்பேசிச் செயலியில் ஏற்றும் வேலையும் ஆசிரியர்களைக் களைப்படைய வைக்கிறது.

ஆங்கிலம்? அரசுப் பள்ளிகளில் 2012-13 முதல் ஆங்கிலவழிப் பிரிவுகள் இருக்கின்றன. சிறிய பள்ளிகளில் தமிழ்வழியும் ஆங்கிலவழியும் ஒரே அறையில், ஒரே ஆசிரியரிடம். புத்தகம்தான் வேறு. இதில் பெற்றோர் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமை தரும் 2010-ஆம் ஆண்டுச் சட்டத்தை 2020-ல் திருத்தினார்கள். இப்போது ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும். குரூப் தேர்வு எழுதப்போகும் பிள்ளையா என்று ஐந்து வயதில் யாருக்குத் தெரியும்! ஆனாலும் விண்ணப்பத்தில் எந்த வழி என்று குறிக்கும்போது இது தெரிந்திருக்க வேண்டும்.

காலை உணவைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கியது, 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கும் வந்தது. கிராமப்புற உதவி பெறும் பள்ளிகளுக்கு 2024 ஜூலையிலும், நகர்ப்புறத்தில் 2025 ஆகஸ்டிலும் கிடைத்தது. விடிகாலையில் வேலைக்குக் கிளம்பும் தாய்க்கு இது பள்ளியைத் தேர்ந்தெடுக்கவே போதுமான காரணம். நர்சரியில் டிபன் பாக்ஸ்தான்.

என்னைக் கேட்டால் சொல்வேன். மூன்று ஆசிரியர்களாவது இருக்கும் அரசுப் பள்ளி அருகில் இருந்தால் யோசிக்காமல் அங்கே. இருவர்தான் என்றால் ஒன்று முதல் மூன்று வரை எடுப்பவரைப் போய்ப் பாருங்கள். அவர் நல்லவராக இருந்தால் சேர்த்துவிட்டு நான்காம் வகுப்பில் மறுபடி யோசிக்கலாம். ஓராசிரியர் பள்ளியில் எவ்வளவு நல்லவர் இருந்தாலும் வேண்டாம், உதவி பெறும் பள்ளிக்குப் போங்கள். கட்டணம் கட்டி நர்சரி என்பது எனக்குக் கடைசி. போன வருடம் இருந்த மிஸ்களில் எத்தனை பேர் இந்த வருடமும் இருக்கிறார்கள் என்று கேட்டுத் திருப்தியாக இருந்தால் மட்டும். எந்தப் பள்ளி ஆனாலும், மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்றை இரண்டாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். ஐந்து நிமிட வேலை.

அப்புறம், நீங்கள் பார்க்கும் அரசுப் பள்ளியில் 57, 58 பிள்ளைகள் இருந்தால் தெருவில் இன்னும் மூன்று நான்கு வீடுகளிடம் பேசிவிட்டு ஜூலைக்குள் சேர்த்துவிடுங்கள். 61-ஆவது பெயர் ஆகஸ்ட் 1-க்குள் பதிவேட்டில் ஏறினால் மூன்றாவது ஆசிரியர் பணியிடம் கேட்கலாம். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான். தீர்மானம் போட்டு வட்டாரக் கல்வி அலுவலருக்கு அனுப்ப அவர்களால் முடியும்.