பழைய க்ரம்மன் கனூ: கைச்செலவில் செய்த பழுது எப்படி நிற்கிறது?

கனடாவின் ஒன்ராறியோவில் அடிபட்ட அலுமினியக் கனூ (துடுப்பால் ஓட்டும் ஒடுக்கமான சிறு படகு) மலிவாகவே கிடைக்கும். நான் வாங்கியது 17 அடி க்ரம்மன். அடிப்பக்கம் பாறையில் மோதி நசுங்கியிருந்தது. நடுக்கோட்டு ரிவெட்டுகள் (தகடுகளை இணைக்கும் தறையாணிகள்) தளர்ந்திருந்தன, விரல் நீளத்துக்கு ஒரு வெடிப்பும் இருந்தது. பழுது பார்த்துச் சில வருடங்கள் ஓடிவிட்டதால் எது நின்றது, எது நிற்கவில்லை என்று இப்போது தைரியமாகச் சொல்லலாம்.

இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில், போர் விமானம் கட்டிய க்ரம்மன் கம்பெனியே இந்தக் கனூக்களைச் செய்யத் தொடங்கியது. விமான உடலைச் செய்வது போலவே தகட்டை அச்சில் இழுத்து, இரு பாதிகளையும் ரிவெட் அடித்துச் சேர்த்தார்கள். பலரும் வெல்டிங் வைக்கச் சொன்னார்கள், நான் கேட்கவில்லை. சூடேற்றிப் பதப்படுத்திப் பலமாக்கிய தகடு இது. வெல்டிங் சூடு பட்ட இடத்தில் அந்தப் பலம் பெருமளவு போய்விடும், அப்புறம் அதன் ஓரத்திலேயே வெடிக்கும்.

ஒழுக்கு எங்கே என்று தெரிய ஒரு சுலபமான வழி இருக்கிறது. கனூவை இரண்டு மரத்தாங்கிகளில் வைத்து, அடிப்பக்கத்தைத் துணியால் துடைத்துவிட்டு, உள்ளே கொஞ்சம் தண்ணீர் ஊற்றுங்கள். துளி எட்டிப் பார்க்கும் இடத்தில் பென்சிலால் வட்டம் போடுங்கள். நிறைய ஊற்ற வேண்டாம், பாரம் தாங்காது. எனக்குக் கிடைத்த வட்டங்களில் பாதிக்கு மேல் ரிவெட்டுகளில்தான் விழுந்தன.

தளர்ந்த ரிவெட்டுக்குக் காசே தேவையில்லை. வெளியே ஒருவர் கனத்த இரும்பை அழுத்திப் பிடிக்க, உள்ளே இன்னொருவர் சுத்தியலால் நிதானமாகத் தட்டினால் இறுகிவிடும். துளை பெருத்துவிட்டால் நுனி மூடிய அலுமினிய ரிவெட் போடுங்கள். ஒரு பக்கமிருந்தே துப்பாக்கிபோன்ற கருவியால் இழுத்துப் பொருத்தும் சாதாரண பாப் ரிவெட்டின் நடுவழியே தண்ணீர் வரும். இரும்புத் திருகாணி வேண்டவே வேண்டாம், ஈரத்தில் அதைச் சுற்றியுள்ள அலுமினியத்தை அரித்துவிடும்.

நசுங்கலை மணல்மூட்டை அண்டக்கொடுத்து ரப்பர் சுத்தியலால் நிமிர்த்தினேன். வெடிப்பின் இரு முனையிலும் சிறு துளை போட்டேன், அது மேலே ஓடாமல் இருக்க. அதன்மேல் அலுமினியத் துண்டு ஒன்றை வெஸ்ட் சிஸ்டம் ஜி/ஃப்ளெக்ஸ் எபாக்சியில் (இரண்டு திரவங்களைக் கலந்து பூசும் பலமான பசை) ஒட்டி, ஓரமெல்லாம் ரிவெட் அடித்தேன். எபாக்சி பிடிப்பதும் பிடிக்காததும் உப்புத்தாள் தேய்ப்பில் இருக்கிறது. தேய்த்த சில நிமிடங்களிலேயே அலுமினியத்தில் ஆக்சைடு படலம் திரும்பி வந்துவிடும். அதனால் எபாக்சியைத் தடவி, அது ஈரமாக இருக்கும்போதே மறுபடி தேய்த்தேன். மொத்தச் செலவு நூறு டாலரைத் தொடவில்லை.

அந்த ஒட்டு இன்றுவரை அசையவில்லை. நிமிர்த்திய இடம் அலையலையாகத் தெரிகிறது, ஓட்டத்தில் வித்தியாசம் இல்லை. அலுமினியம் பாறையில் வழுக்காமல் பிடித்துக்கொள்ளும் என்பதால் ஆழமில்லாத இடத்தில் இறங்கித் தூக்கிவிடுகிறேன். ரிவெட் இல்லாமல் பசை மட்டும் பூசிய ஒரு பொருத்துதான் குளிர்காலம் முடிந்ததும் கிளம்பிவிட்டது. உள்ளே நின்ற ஈரம் உறைந்து உப்பியிருக்கிறது. அதைச் சுரண்டி, நன்றாக உலரவிட்டு, இந்த முறை ரிவெட்டோடு போடப்போகிறேன்.