முழங்கால் வலிக்குக் குர்குமின்: 14 மாதம் சாப்பிட்ட பிறகு

முழங்கால் வலிக்காக, மஞ்சளிலிருந்து பிரித்தெடுத்த குர்குமின் கேப்ஸ்யூலை 14 மாதமாகச் சாப்பிட்டு வருகிறேன். நடுவில் ஆறு வாரம் நிறுத்தியும் பார்த்தேன். "மருந்து கேட்குதா?" என்று யாராவது விசாரித்தால் "கேட்குது" என்று ஒரே சொல்லில் முடித்துக்கொள்வேன். ஆனால் எவ்வளவு கேட்டது, எதற்குக் கேட்கவில்லை என்பதையெல்லாம் ஒரு நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன். அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

எனக்கு 57 வயது. முப்பது வருடமாக நின்றுகொண்டே பாடம் நடத்துகிறேன். வலி முதலில் வலது முட்டியில்தான் தொடங்கியது. படி ஏறுவதைவிட இறங்குவதுதான் பாடு. காலையில் எழுந்ததும் பத்து நிமிடம் முட்டி மடங்க மறுக்கும். நாலு நடை நடந்தால் விட்டுக்கொடுக்கும். எக்ஸ்ரேயில் மூட்டின் உள்பக்க இடைவெளி குறுகியிருந்தது, ஓரத்தில் எலும்பு சின்ன முள்போல வளர்ந்திருந்தது. ஆஸ்டியோ ஆர்த்தரைட்டிஸ், அதாவது தேய்மான மூட்டுவாதம் என்றார் டாக்டர்.

இங்கேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். காலை நேரப் பிடிப்பு அரை மணிக்குள் விட்டுவிடுவது பெரும்பாலும் இந்தத் தேய்மான வகை. ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்து, இரண்டு கைகளின் விரல் கணுக்களும் வீங்கினால் அது முடக்குவாதமாக இருக்கலாம். அது வேறு நோய். அதில் உடலின் நோய் எதிர்ப்புச் சக்தியே மூட்டைத் தாக்குகிறது. அதற்கான மருந்தைத் தள்ளிப்போட்டுவிட்டு இயற்கைக் கேப்ஸ்யூலை நம்பி உட்கார்ந்தால், கெட்டுப்போன மூட்டு திரும்பி வராது. என் அனுபவம் தேய்மான வலிக்காரர்களுக்கு மட்டும்தான் பொருந்தும்.

முதலில் டிக்ளோஃபினாக் என்ற வலி மாத்திரையைத்தான் சாப்பிட்டேன். வலி நன்றாகவே அடங்கியது. கூடவே வயிற்றெரிச்சலும் வந்தது, ரத்த அழுத்தமும் ஏறியது. தொடர்ந்து சாப்பிட்டால் சிறுநீரகத்துக்கும் ஆகாது, வலி தாங்காத நாளில் மட்டும் போடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்போதுதான் கூட வேலை பார்க்கும் பெண், "அக்கா, நான் குளுக்கோஸமைன் சாப்பிடறேன், இப்ப படியெல்லாம் ஓடறேன் பாருங்க" என்றாள். மூட்டுக்கு நல்லது என்று விற்கும் துணை மாத்திரை அது. மூன்று மாதம் சாப்பிட்டேன். ஒரு மாற்றமும் இல்லை. அவள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தாள்.

ஏன் என்று தேடியபோது, 2006இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு கண்ணில் பட்டது. முழங்கால் தேய்மானம் உள்ள 1,583 பேருக்கு 24 வாரம் மாத்திரை கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். குளுக்கோஸமைன் சாப்பிட்டவர்களில் 64 சதவீதம் பேருக்கு வலி குறிப்பிடும்படி குறைந்தது. ஆனால் மருந்தே இல்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களிலும் 60 சதவீதம் பேருக்குக் குறைந்திருந்தது! என்னை உலுக்கியது இந்த 60தான். நாளைக்கே எனக்கு ஏதாவது ஒன்று கேட்டாலும், கேட்டது மருந்தா, மனசா, இல்லை வலி தானாகவே தணிந்த நேரமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நோட்டு போட்டது அதனால்தான்.

தினமும் காலை வலிக்கு 0 முதல் 10 வரை ஓர் எண். மாலையில் மாடிப்படி இறங்கும்போது எவ்வளவு வலி என்று இன்னோர் எண். வாரத்தில் எத்தனை வலி மாத்திரை போட்டேன் என்ற கணக்கு. அவ்வளவுதான். மூன்றில் கடைசியைத்தான் அதிகம் நம்பினேன். வலிக்கு எண் கொடுக்கும்போது மனது ஏமாற்றலாம். அட்டையில் காலியான மாத்திரைகளின் எண்ணிக்கை ஏமாற்றாது.

நான் வாங்கிய கேப்ஸ்யூல் ஒன்றில் 500 மில்லிகிராம் மஞ்சள் சாரம், அதில் 95 சதவீதம் குர்குமின் வகைகள், கூடவே 5 மில்லிகிராம் பைபரின். ஒரு நாளைக்கு இரண்டு. "சமையலில் போடுகிற மஞ்சளே போதாதா?" என்பதுதான் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. மஞ்சள் தூளில் குர்குமின் சுமார் 3 சதவீதம்தான். இரண்டு கேப்ஸ்யூலில் இருப்பது தூளிலிருந்து கிடைக்க வேண்டுமானால் தினமும் 30 கிராமுக்கு மேல் விழுங்க வேண்டும். அப்படி விழுங்கினாலும் பயன் குறைவு. குடல் அதை அரைகுறையாகத்தான் உறிஞ்சும். உறிஞ்சியதையும் கல்லீரல் உருமாற்றி வெளியே தள்ளிவிடும். அதற்குத்தான் மிளகில் இருக்கும் பைபரினைச் சேர்க்கிறார்கள். 2 கிராம் குர்குமினோடு 20 மில்லிகிராம் பைபரின் கொடுத்தபோது ரத்தத்தில் சேரும் அளவு 2,000 சதவீதம் கூடியது என்று 1998இல் வந்த ஆய்வு ஒன்று உண்டு. விளம்பரங்களில் பெரிய எழுத்தில் வருவது இந்த எண்தான். பைபரின் இதைச் செய்வது, கல்லீரலும் குடலும் வேண்டாததைக் கழிக்கும் வேகத்தைத் தடுத்துத்தான். அந்தத் தடை குர்குமினோடு நிற்பதில்லை, நாம் சாப்பிடும் மற்ற மருந்துகளும் உடலில் அதிக நேரம் தங்கலாம். இதை யாரும் பெரிய எழுத்தில் போடுவதில்லை.

முதல் மாதம் ஒன்றும் நடக்கவில்லை. ஏப்பம் மட்டும் மஞ்சள் வாடையோடு வந்தது. ஒரு நாள் வெறும் வயிற்றில் போட்டுக் குமட்டல் எடுத்தது. அப்புறம் சாப்பாட்டுக்குப் பிறகுதான். ஆறாவது வாரத்தில் வலி மாத்திரைக் கணக்கு குறையத் தொடங்கியது. நாலாவது மாத முடிவில் காலை வலி 6இலிருந்து 4க்கு வந்திருந்தது. வாரத்துக்கு ஐந்து வலி மாத்திரை என்பது ஒன்று, இரண்டு என்றானது. ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். மூன்று பேர் என் பேச்சைக் கேட்டு வாங்கினார்கள். இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

ஏனென்றால் அதே நாலு மாதத்தில் வேறு இரண்டும் நடந்திருந்தன. பிசியோதெரபிஸ்ட் சொல்லிக் கொடுத்த தொடைப் பயிற்சிகளை ஆரம்பித்திருந்தேன். எடையும் நாலு கிலோ குறைந்திருந்தது. எடையில் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடி வைக்கும்போதும் முழங்காலில் இறங்கும் பாரம் சுமார் நாலு கிலோ குறையும். அப்படியானால் என் வலது முட்டி அடிக்கு அடி 16 கிலோ இலேசாகியிருக்கிறது. இதில் கேப்ஸ்யூலின் பங்கு எவ்வளவு? நோட்டில் அதற்குப் பதில் இல்லை.

ஆறாவது மாதம் வழக்கமான பரிசோதனைக்குப் போனபோது, பேச்சுவாக்கில் கேப்ஸ்யூலைப் பற்றிச் சொன்னேன். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "எத்தனை மாதமாக? ஏன் முதலிலேயே சொல்லவில்லை?" நான், "இயற்கைதானே டாக்டர்" என்றேன். "அரளி விதையும் இயற்கைதான்" என்று சொல்லிக்கொண்டே கல்லீரல் பரிசோதனைக்கு எழுதினார்.

அன்று இரவு உட்கார்ந்து படித்தேன். 2019இல் இத்தாலியில், மஞ்சள் சார மாத்திரை சாப்பிட்ட பலருக்குக் கல்லீரல் அழற்சி வந்து அரசு எச்சரிக்கை வெளியிட்டிருக்கிறது. 2023இல் ஆஸ்திரேலிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் எச்சரித்திருக்கிறது. இப்படிப் பாதிக்கப்பட்டவர்களை ஆராய்ந்த அமெரிக்க ஆய்வாளர்கள், அவர்களில் பலரிடம் குறிப்பிட்ட ஒரு மரபணு வகை இருப்பதையும், பல தயாரிப்புகளில் மிளகுச் சாரம் கலந்திருந்ததையும் கண்டிருக்கிறார்கள். அரிதாகத்தான் வரும். ஆனால் யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. சிறுநீர் கரும்பழுப்பாகப் போவது, கண் மஞ்சளிப்பது, காரணமில்லாத அசதி, உடம்பெல்லாம் அரிப்பு, இவற்றில் ஒன்று தென்பட்டாலும் கேப்ஸ்யூலை அன்றே நிறுத்திவிட்டு டாக்டரைப் பார்க்க வேண்டும். மஞ்சள் சாப்பிட்டதால்தான் மஞ்சளாகப் போகிறது என்று நானே இருமுறை சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன் என்பதை நினைத்தபோது வயிற்றைப் பிசைந்தது. ரிசல்ட் வரும்வரை இரண்டு நாள் சரியாகத் தூங்கவில்லை. எல்லாம் சரியான அளவில்தான் இருந்தது. அதன்பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு முறை பார்த்துக்கொள்கிறேன்.

"இவ்வளவு குறித்து வைக்கிறீர்கள், நிறுத்தித்தான் பாருங்களேன்" என்றது டாக்டர்தான். எட்டாவது மாதம் நிறுத்தினேன். பயிற்சியை விடவில்லை, எடையும் மாறவில்லை. முதல் இரண்டு வாரம் ஒரு வித்தியாசமும் இல்லை. இத்தனை நாள் வீணாகத்தான் விழுங்கினோமா என்று எரிச்சலாக இருந்தது. மூன்றாவது வாரத்திலிருந்து காலை வலி 4இலிருந்து 5க்குப் போய் அங்கேயே நின்றது. வலி மாத்திரை வாரத்துக்கு மூன்றானது. ஆறு வாரம் கழித்துத் திரும்ப ஆரம்பித்தேன். ஒரு மாதத்தில் பழையபடி 4. எதை நிறுத்தினேன் என்பது எனக்கே தெரியும், அதனால் இது சுத்தமான சோதனை இல்லை. ஆனாலும் என் கணக்கில் கேப்ஸ்யூலின் மதிப்பு பத்துக்கு ஒரு புள்ளி. அதற்குமேல் ஏற்றிச் சொல்ல எனக்கு மனசில்லை.

2020இல் ஆஸ்திரேலியாவில் 70 பேரை வைத்து 12 வாரம் நடந்த ஆய்வும் கிட்டத்தட்ட இதைத்தான் சொல்கிறது. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிட மஞ்சள் சாரம் சாப்பிட்டவர்களுக்கு வலி கொஞ்சம் குறைந்தது. ஆனால் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தபோது மூட்டுக்குள் இருந்த நீர்வீக்கமும் குறையவில்லை, குருத்தெலும்பிலும் மாற்றமில்லை. ஆக, வலி கொஞ்சம் தணியும், மூட்டு அப்படியேதான் இருக்கும். "தேய்ந்த குருத்தெலும்பை வளர்க்கும்" என்று புட்டியில் எழுதியிருந்தால் அந்தப் புட்டியை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.

புட்டி என்றதும் இன்னொரு கதை. பத்தாவது மாதம் வழக்கமானது கிடைக்காமல் வேறு கம்பெனியின் கேப்ஸ்யூல் வாங்கினேன். முகப்பில் 1,000 மில்லிகிராம் என்று கொட்டை எழுத்து. வீட்டுக்கு வந்து பின்பக்கப் பொடி எழுத்தைப் படித்தால், அது சாரமே இல்லை, வெறும் மஞ்சள் தூள். 3 சதவீதக் கணக்கில் பார்த்தால் ஒரு கேப்ஸ்யூலில் 30 மில்லிகிராம் குர்குமின் வந்தால் பெரிது. திருப்பி எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டார்கள். இப்போதெல்லாம் முன்பக்கத்தைப் பார்ப்பதே இல்லை. சாரமா தூளா, குர்குமின் எத்தனை சதவீதம், ஈயம் போன்ற கன உலோகங்களுக்குச் சோதித்திருக்கிறார்களா என்று பின்பக்கத்தில்தான் தேடுகிறேன். நிறம் தூக்கலாகத் தெரிவதற்காக மஞ்சளில் லெட் குரோமேட் என்ற ஈயச் சாயத்தைக் கலக்கும் மோசடி உண்மையிலேயே நடந்திருக்கிறது.

கேப்ஸ்யூலைவிட எனக்கு அதிகம் கேட்டது எது என்பது பதினோராவது மாதம் தற்செயலாகத் தெரிந்தது. காய்ச்சலில் படுத்து மூன்று வாரம் பயிற்சி செய்யவில்லை. கேப்ஸ்யூல் ஒரு நாளும் தவறவில்லை. எழுந்து நடமாடத் தொடங்கிய வாரம் காலை வலி 6. படி இறங்கும்போது 7. கேப்ஸ்யூலை நிறுத்தியபோது ஒரு புள்ளி ஏறிய வலி, பயிற்சியை நிறுத்தியபோது இரண்டு ஏறியது. காய்ச்சலின் அசதியும் அதில் கொஞ்சம் சேர்ந்திருக்கும்தான். இத்தனைக்கும் அவை பெரிய பயிற்சிகளே இல்லை. மல்லாந்து படுத்து, ஒரு காலை மடக்காமல் ஓர் அடி உயரம் தூக்கி ஐந்து எண்ணும்வரை நிறுத்துவது. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது. இரண்டும் காலையில் பதினைந்து நிமிடம். தொடையின் முன்தசை உறுதியானால் முட்டியில் இறங்கும் அதிர்ச்சியை அது வாங்கிக்கொள்ளும் என்று பிசியோதெரபிஸ்ட் முதல் நாளே சொல்லியிருந்தார். காதில் வாங்கியிருந்தேன், நம்பியிருக்கவில்லை. கேப்ஸ்யூல் விழுங்குவது சுலபம், அதனால் புகழையும் அதற்கே கொடுத்துவிட்டேன் போலிருக்கிறது.

இப்போது காலை வலி 3, 4. வலி மாத்திரை வாரத்துக்கு ஒன்று; சில வாரம் அதுவும் இல்லை. டிக்ளோஃபினாக் குறைந்ததால் வயிற்றெரிச்சல் போய்விட்டது. கேப்ஸ்யூலைத் தொடர்வதற்கு எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

போன வாரம் அந்தக் குளுக்கோஸமைன்காரி வந்து, "அக்கா, எங்கம்மாவுக்கும் முட்டி வலி. நீங்க சாப்பிடறதையே வாங்கிக் கொடுக்கட்டுமா?" என்றாள். அவள் அம்மாவுக்கு இதய வால்வு மாற்றியிருக்கிறார்கள். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறார். வார்ஃபரினோடு மஞ்சள் மாத்திரையும் சாப்பிட்ட ஒருவருக்கு, பொதுவாக 2, 3 என்று இருக்க வேண்டிய ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் எண்) 10ஐத் தாண்டிப்போனதாக 2018இல் நியூசிலாந்து மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்திருந்ததை நான் படித்திருந்தேன். அந்த அளவில், எங்கே ரத்தம் கசியும் என்று சொல்ல முடியாது.

"அம்மாவுக்கு இது வேண்டாம்மா" என்றேன். நாற்காலிப் பயிற்சியை மட்டும் எழுந்து உட்கார்ந்து காட்டினேன். அதையும் அவர்களுடைய டாக்டரிடம் கேட்டுவிட்டுச் செய்யச் சொல்லியிருக்கிறேன்.