பவர் விண்டோ பழுது: மல்டிமீட்டரா, பழைய பல்பா?

என் காரில், சுவிட்சை இயக்கினால் மோட்டாரால் ஏறி இறங்கும் ஜன்னல் கண்ணாடிகளில், முன்னிருக்கைப் பயணியின் பக்கத்துக் கண்ணாடி பாதி இறங்கிய நிலையிலேயே நின்றுவிட்ட அன்று, வோல்ட்டும் மின்தடையும் அளக்கும் நல்லதொரு டிஜிட்டல் மல்டிமீட்டர் என்னிடம் இருந்தது. கதவின் உட்பலகையைக் கழற்றி, மோட்டாரிலிருந்து கனெக்டரைப் பிடுங்கி, அதன் இரு முனைகளிலும் மீட்டரை வைத்துச் சுவிட்சை இழுத்தபோது 12.4 வோல்ட் காட்டியது. மின்சாரம் வருகிறது, கண்ணாடி ஏறவில்லை, ஆகவே மோட்டார்தான் போய்விட்டது என்று முடிவுகட்டிப் புதிது வாங்கி மாட்டினேன், அதுவும் அசையவில்லை. பிறகு, இரண்டு ஒயர்களைப் பற்றவைத்திருந்த 21 வாட் பிரேக் விளக்குப் பல்பு ஒன்றை அதே முனைகளில் வைத்துப் பார்த்தேன். உள்ளே இழை மங்கலான சிவப்பாகக் கனன்றதே தவிர, வெளிச்சம் வரவில்லை. அன்று முதல் இந்த வேலைக்கு நான் முதலில் எடுப்பது பல்பைத்தான்.

பேட்டரியின் நிலையைப் பார்க்கவும், ஃபியூஸ் போயிருக்கிறதா என்று சோதிக்கவும் மீட்டரே வசதி. அதில் பேச்சே இல்லை. வேறுபாடு தொடங்குவது கதவுக்குள் இறங்கிய பிறகுதான்.

டிஜிட்டல் மீட்டரின் உள் மின்தடை பொதுவாக 10 மெகா ஓம். அதாவது 12 வோல்ட்டை அளக்கும்போது அது எடுத்துக்கொள்ளும் மின்னோட்டம், ஓர் ஆம்பியரைப் பத்து லட்சமாகப் பிரித்தால் கிடைக்கும் ஒரு பங்கைவிடச் சற்றே அதிகம், அவ்வளவே. அந்த அளவை ஒற்றைச் செப்பிழை கூடத் தயங்காமல் கடத்திவிடும் என்பதால், முக்கால்வாசி அறுந்த ஒயரும் மீட்டருக்கு நல்ல ஒயராகவே தெரிகிறது. ஒயர் அறுபடாமல் இருந்தால் ‘பீப்’ ஒலி எழுப்பும் மீட்டரின் தொடர்ச்சிச் சோதனையும் இதே காரணத்தால் ஏமாற்றும். 21 வாட் பல்போ ஏறத்தாழ 1.75 ஆம்பியர் கேட்கிறது. சில ஆம்பியர்கள் கேட்கும் மோட்டாருக்கு அது ஈடாகாது என்றாலும், ஒயருக்கு ஒரு சுமையைக் கொடுத்துவிடுகிறது. வீட்டார் ஒருவர் சுவிட்சை இழுத்துப் பிடித்திருக்க, நான் கதவை மெல்லத் திறந்து மூடியபோது, ஒரு குறிப்பிட்ட கோணத்தில் பல்பு பளிச்சென்று எரிந்து உடனே அணைந்தது. கதவுக்கும் அது கீல் வைத்து மாட்டியிருக்கும் காரின் தூணுக்கும் இடையிலுள்ள ரப்பர் குழாயை விலக்கிப் பார்த்தால், ஒரு ஒயரின் மேலுறை வெடித்து, உள்ளே பச்சை பூத்த செம்பில் இரண்டே இழைகள் தொங்கிக்கொண்டிருந்தன. கதவு ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அந்த இடந்தான் மடங்குகிறது. (அங்கேயே ஈயம் வைத்துப் பற்றவைத்தால் ஒயர் விறைத்து மறுபடி ஒடியும். மடங்காத இடம் வரை புது ஒயர் இழுத்து இணைப்பதே சரி.)

பல்புக்கு இன்னொரு வசதியும் உண்டு. எளிய அமைப்புகளில், சுவிட்சைத் தொடாதபோது மோட்டாரின் இரு ஒயர்களும் எர்த்துடன், அதாவது பேட்டரியின் எதிர்முனையோடு சேர்ந்த காரின் உடலுடன், இணைந்திருக்கும். மேலே இழுத்தால் ஒன்றுக்கும், கீழே அழுத்தினால் மற்றதற்கும் 12 வோல்ட் செல்லும். பல்புக்குத் திசை கிடையாது என்பதால், கனெக்டரில் அதை வைத்துவிட்டு இரு பக்கமும் சுவிட்சை இயக்கினால் போதும். இரண்டிலும் நன்றாக எரிந்தால் மோட்டாரையோ கண்ணாடியைத் தூக்கும் ரெகுலேட்டரையோ பார்க்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் எரிந்தால் பெரும்பாலும் சுவிட்சின் தொடுமுனைதான் காரணம். பல கார்களில் பயணி பக்கத்து மோட்டாருக்கான எர்த், ஓட்டுநர் கதவிலுள்ள பிரதான சுவிட்ச் வழியாகத்தான் வருகிறது. ஆகவே பழுதான கண்ணாடி ஒரு கதவிலும், அறுந்த ஒயர் எதிர்க் கதவிலும் இருப்பதுண்டு.

மீட்டரின் மீது முழுப் பழியையும் போடுவது நேர்மையாகாது. கனெக்டரைப் பிடுங்காமல், மோட்டார் மின்சாரம் கேட்கும்போதே அளந்திருந்தால் அதே மீட்டர் உண்மையைச் சொல்லியிருக்கும். பல்பும் தவறவிடும் பழுது உண்டு: ஒயரில் ஓர் ஓம் அளவுள்ள சிறு தடை இருந்தால், பல்பு 1.5 வோல்ட் மட்டுமே இழக்கிறது. அந்த மங்கலைக் கண்ணால் பிடிப்பது கடினம். ஆனால் மோட்டார் 6 ஆம்பியர் இழுக்கும்போது 6 வோல்ட் அங்கேயே தொலைந்து, கண்ணாடி திணறித் திணறி ஏறும். அத்தகைய நேரத்தில், மோட்டார் ஓடும்போது ஒயரின் இரு கோடிகளுக்கும் இடையே மீட்டரை வைத்து, அரை வோல்ட்டுக்கு மேல் காட்டும் துண்டைத் தேடுவதே வழி.

ஏர்பேக் ஒயர்களையும் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டிகளுக்குச் செல்லும் ஒயர்களையும் பல்பால் தொடவே கூடாது. எல்.இ.டி. வைத்த சோதனைப் பேனா சுமையே கொடுக்காது என்பதால், பல்புக்கு மாற்றாக அதை வாங்குவதும் வீண். கதவுக்குள்ளேயே கட்டுப்பாட்டுப் பெட்டி வைத்த புதிய கார்களில் என் அனுபவம் ஒரே ஒரு முறைதான். பேட்டரியைக் கழற்றி மாட்டிய பின், ஒரு தொடலில் ஏறிய கண்ணாடி துண்டு துண்டாக ஏறியது. அன்று பல்பும் மீட்டரும் கருவிப் பெட்டியிலேயே கிடந்தன. கண்ணாடியை முழுவதும் ஏற்றி, சுவிட்சைச் சில நொடிகள் விடாமல் இழுத்துப் பிடித்ததும் பழையபடி ஏறத் தொடங்கிவிட்டது.