மரம் வெட்டும் அனுமதி தம்மிடமே இருப்பதாகச் சொல்லி வருபவரிடம் எச்சரிக்கை

மேற்கு தில்லியில், குறிப்பாக ஜனக்புரியிலும் அதைச் சுற்றியும் சொந்த வீட்டில் வசிக்கும் தமிழர்களின் கவனத்திற்காக இதை எழுதுகிறேன். ஜூன் மாதப் புழுதிப்புயலில் எங்கள் சுற்றுச்சுவருக்குள் நின்ற ஷீஷம் மரத்தின் இரண்டு கிளைகள் முறிந்து மொட்டைமாடியின் மேல் தொங்கின. மறுநாளே ஒப்பந்தக்காரர் ஒருவர் தாமாக வாசலுக்கு வந்து, அவ்விரண்டை மட்டும் எட்டாயிரம் ரூபாய்க்கு அகற்றித் தருவதாகவும் வனத்துறை அனுமதி தம்மிடமே தயாராக இருப்பதாகவும் கூறி, முத்திரையிட்ட ஒரு தாளின் படத்தைக் கைப்பேசியில் காட்டிப் பாதித் தொகையை முன்பணமாகப் பெற்றுக்கொண்டார்.

வேலை நடந்தபோது நான் அலுவலகத்தில் இருந்தேன். அடிமரம் உள்ளே பொந்தாகிவிட்டது, அடுத்த புயலில் வீட்டின் மேலேயே சாயும் என்று, இந்தி அரைகுறையாகவே புரியும் என் மாமியாரைப் பயமுறுத்தி, அவர் தலையசைத்ததையே சம்மதமாக எடுத்துக்கொண்டு, இயந்திர ரம்பத்தால் மரத்தை இடுப்பளவுக்கு அறுத்துவிட்டார்கள். பருத்த துண்டுகள் யாவும் டெம்போவில் ஏறின. குச்சியும் இலையும் தெருவில் கிடந்தன. ஆபத்தான வேலை என்று மேற்கொண்டு பதினைந்தாயிரம் கேட்ட துணிச்சலை என்னவென்று சொல்வது!

மாலையில் வந்து பார்த்தால், அறுபட்ட அடிமரத்தில் நடுவரை கரும்பழுப்பாக வைரம் பாய்ந்திருந்தது. பொந்தும் இல்லை, உளுத்த தூளும் இல்லை. ஷீஷத்தின் வைரக்கட்டை கட்டிலும் நாற்காலியும் செய்ய வடக்கே பெரிதும் விரும்பப்படுவது; கீர்த்தி நகர் மரச்சந்தையும் இங்கிருந்து தொலைவில் இல்லை. முதல் நாளே அவர்களுடைய கண் அடிமரத்தின் மேல்தான் இருந்திருக்க வேண்டும். ஷீஷ மரங்கள் வட மாநிலங்களில் நோய்கண்டு பட்டுப்போவது உண்மைதான் என்பதால் இந்தப் பொய் எளிதில் எடுபடுகிறது. நேர்மையான ஆள் என்றால் கட்டைச் சுத்தியால் தட்டி ஓசை மாறும் இடத்தைக் காட்டுவார், அடியில் காளான் முளைத்திருக்கிறதா என்று பார்ப்பார். பொந்து இருந்தாலும் சுற்றிலும் நல்ல கட்டை போதிய கனத்தில் இருந்தால் மரம் பல ஆண்டுகள் நிற்கும் என்பதையும் சொல்வார்.

அந்தத் தாளின் படத்தைப் பிறகு வரவழைத்துப் பெரிதாக்கிப் படித்தேன். அது வேறொரு காலனியின் வேப்பமரத்துக்கு வழங்கப்பட்டது. 1994ஆம் ஆண்டின் தில்லி மரப் பாதுகாப்புச் சட்டப்படி, மரம் நம் சொந்த நிலத்தில் நின்றாலும் மர அதிகாரியின் முன் அனுமதி தேவை. கிளைகளைக் கழிப்பதும் வெட்டுதல் என்பதிலேயே அடங்கும். மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். உயிருக்கோ உடைமைக்கோ உடனடி ஆபத்து என்றால் முதலில் வெட்டிவிட்டு 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்கலாம் என்ற விலக்கு உண்டு. தொங்கிய கிளைகளுக்கு அது பொருந்தியிருக்கும். வைரம் பாய்ந்த அடிமரத்துக்கு எப்படிப் பொருந்தும்? பக்கத்து வீட்டார் புகார் அளித்ததால் விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தது, அதுவும் என் பெயருக்கு.

காவல் நிலையத்தில் எழுத்துமூலம் புகார் கொடுத்திருக்கிறோம். ஒப்பந்தக்காரரின் எண் இப்போது வேலை செய்யவில்லை. விகாஸ்புரியிலும் இதே முறையில் ஒருவர் வந்து போவதாகக் கேள்விப்படுகிறேன்: புயலடித்த மறுநாள் தாமாகவே வருகிறார், அனுமதியின் படத்தை மட்டும் காட்டுகிறார், மூலத்தாளைக் கேட்டால் அலுவலகத்தில் இருக்கிறது என்கிறாராம்.