டட்சன் 120ஒய்யோடு ஏழு வருடம்: மகன் முடுக்க, அம்மா ஓட்ட

இந்தக் காரை வேகமாக்க நாங்கள் செலவழித்த பணத்தில் பாதி வீண். எந்தப் பாதி என்று தெரிய ஏழு வருடம் ஆனது. பழைய 120ஒய் ஒன்றை வாங்கி டிராக் பந்தயத்துக்கு, அதாவது நேர்க்கோட்டில் 402 மீட்டர் ஓடும் போட்டிக்கு, தயார் செய்யலாமா என்று யோசிப்பவர்கள், வாங்குவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

கார் 1978ஆம் ஆண்டு மாடல், நான்கு கதவு. என் அப்பா வாங்கியது. அவர் ஓட்டுவதை நிறுத்திய பிறகு கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் வீட்டு வாசலில் தார்ப்பாய்க்குக் கீழே பதினோரு வருடம் கிடந்தது. பூனைக் குடும்பம் ஒன்று அதில் மூன்று தலைமுறை பார்த்திருக்கும். 2018இல் மகனுக்கு 19 வயது, ஒரு லோரி பட்டறையில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். "மா, தாத்தா காரை ஓட வைக்கவா?" என்று கேட்டான். இரும்புக் கடைக்குப் போட வேண்டியது, ஓடினால் சரி என்று விட்டேன். டிராக் என்ற பேச்சே அப்போது இல்லை. நான் கணக்கு எழுதும் வேலை பார்ப்பவள். ஒவ்வொரு திருகாணிக்கும் ரசீது ஒரு பிஸ்கட் டின்னில் இருக்கிறது. இங்கே வரும் தொகையெல்லாம் அதிலிருந்துதான்.

முதல் வருடம் முழுக்கத் துருவோடு போனது. பேட்டரி உட்காரும் தட்டு அரித்துப்போயிருந்தது. வைப்பருக்குக் கீழே தண்ணீர் தேங்கி, அங்கிருந்து உள்ளே இறங்கி, தரைத் தகட்டைத் தின்றிருந்தது. கம்பளத்தைத் தூக்கினால் கீழே சிமெண்டுத் தரை தெரிந்தது. நம் ஊர் மழைக்கும் ஈரக் காற்றுக்கும் பழைய தகடு தாங்காது. கார் பார்க்கப் போனால் பளபளப்பைப் பார்க்காதீர்கள், கம்பளத்தைத் தூக்கிப் பாருங்கள். வெட்டி ஒட்டிய செலவு 4,200 வெள்ளி (மலேசிய ரிங்கிட்). வேகத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று அன்று புலம்பினேன். இன்று மறுபடி செய்யச் சொன்னால் முதலில் செய்வது அதைத்தான்.

அசல் இன்ஜின் ஏ12. 1,171 சிசி, துளை (சிலிண்டரின் அகலம்) 73 மிமீ, ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 70 மிமீ. தையல் மெஷின் மாதிரி ஓடும், கோபமே வராது. அதே இன்ஜினோடு ஒரு முறை செப்பாங் பந்தயத் தடத்துக்குப் போனோம். 402 மீட்டர், 19.8 விநாடி. பக்கத்துத் தடத்தில் மைவி என்ற சின்னக் குடும்பக் கார் ஒன்று. அதில் குழந்தை இருக்கைகூட கழற்றப்படவில்லை. அது எங்களை முந்திப் போய், திரும்பி வரும் பாதையில் கை அசைத்தது. மகன் வீடு வரும்வரை பேசவில்லை. டிராக் பைத்தியம் எங்களைப் பிடித்தது அந்த இரவில்தான்.

ஆத்திரத்தில் செய்த முதல் வேலை, சிலிண்டரைப் பெரிதாக்கக் கொடுத்தது. பட்டறையின் பெயர் வேண்டாம். பிஸ்டனுக்கும் சுவருக்கும் விட வேண்டிய இடைவெளியை அளந்தார்களா, கண்ணால் பார்த்தார்களா தெரியாது. 300 கிலோமீட்டர்கூட ஓடவில்லை, டியூக் நெடுஞ்சாலையில் இன்ஜின் இறுகி நின்றது. போய்க் கேட்டதற்கு, எண்ணெய் சரியில்லை என்றார்கள். 1,350 வெள்ளியும் ஒரு நல்ல பிளாக்கும் போச்சு.

ஏ15 வந்தது அதற்குப் பிறகு. காய்கறியும் ரொட்டியும் ஏற்றித் திரிந்த நிசான் வேனட் வேனில் இருந்த இன்ஜின். 1,488 சிசி, துளை 76, ஸ்ட்ரோக் 82. மேலே சுழல்வதில் ஏ12இன் துள்ளல் இதற்குக் கிடையாது, ஆனால் கீழேயே இழுவை இருக்கிறது. கியர்பெட்டியும் இன்ஜின் தாங்கியும் அப்படியே பொருந்தின. பிளாக் உயரம் கூடுதல் என்பதால் எக்ஸாஸ்ட் குழாயை மட்டும் வெட்டி ஒட்ட வேண்டியிருந்தது. 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது இன்ஜின் பாகம் பாகமாக எங்கள் சாப்பாட்டு மேசையில் இருந்தது. இரண்டு மாதம் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். வால்வு இடைவெளியை ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகடு வைத்துப் பார்க்க நான் கற்றுக்கொண்டது அப்போதுதான். சூடாக இருக்கும்போது 0.35 மிமீ. தகடு லேசாகப் பிடித்து நகர வேண்டும், மோர்க்குழம்பின் பதம் மாதிரி, கைக்குத்தான் தெரியும்.

ஊர் திறந்ததும் அலைச்சல் தொடங்கியது. இன்ஜினை மாற்றியதற்கு ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) ஒப்புதல் வேண்டியிருந்தது, புஸ்பாகோம் நிறுவனத்தின் வாகனப் பரிசோதனை வேண்டியிருந்தது, அப்புறம் கெரானில் (வண்டியின் பதிவுப் பத்திரம்) புது இன்ஜின் எண் ஏற வேண்டியிருந்தது. "யாரும் பார்க்கமாட்டாங்க மா" என்றான் மகன். நான்தான் பார்ப்பேனே. மூன்று நாள் லீவு போட்டு முடித்தேன்.

இனி வீணாய்ப் போன பாதி. ஓட்டம் முடிந்ததும் ஒரு சீட்டு தருவார்கள். நாங்கள் நெடுநாள் அதில் கடைசி நேரத்தை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்தோம். ஒரு நாள் பிஸ்கட் டின்னில் இருந்ததையெல்லாம் வரிசையாக எழுதிப் பார்த்தேன். பக்கவாட்டில் பொருத்தும் 40 மிமீ இரட்டை கார்புரேட்டர் வாங்கினோம், 1,900 வெள்ளி. கடைசி வேகம், அதாவது முடிவுக்கோட்டைத் தாண்டும் வேகம், மணிக்கு 2 கிலோமீட்டர் கூடியிருந்தது. ஆனால் முதல் 60 அடி நேரம் 2.81 விநாடியிலிருந்து 2.93க்குப் போயிருந்தது. புறப்படும்போது இன்ஜின் இருமியது. மொத்த நேரம் 17.6இல் அசையவே இல்லை. "நீ இன்ஜினுக்குச் சோறு போடுற, காலுக்குச் செருப்பு இல்ல" என்றேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். சீட்டைப் பார்த்தபின் வாதாட முடியவில்லை.

அந்த கார்புரேட்டரை விற்றுவிட்டு வெபர் 32/36 கார்புரேட்டர் ஒன்றைப் போட்டான். சிறிய வாய் முதலில் திறக்கும், அழுத்தினால் பெரியது திறக்கும். அப்புறம் பின்பக்கத்தைக் கவனித்தான். 120ஒய்யில் பின்னால் லீஃப் ஸ்பிரிங்தான், அடுக்கிய இரும்பு இலைகள். வேகமாக கிளட்சை விட்டால் இலை முறுக்கிக்கொண்டு சக்கரம் தடதடவென்று குதிக்கும். அதைத் தடுக்க இரண்டு பக்கமும் டிராக்‌ஷன் பார், லோரி பட்டறையில் அவனே வெல்டிங் செய்தது, 160 வெள்ளி. இன்னொன்று: தரையில் எப்போதும் ஒரே ஒரு கறுப்புக் கோடுதான் விழும். இன்ஜினின் சுழற்சியைப் பின்னுக்குக் கொண்டுபோகும் டிரைவ் ஷாஃப்ட் முறுக்கும்போது வலது பின்சக்கரத்தின் பாரம் குறைகிறது, அது மட்டும் வீணாகச் சுற்றுகிறது. பேட்டரியைத் தூக்கி டிக்கியின் வலது மூலையில் வைத்தான். டயர் காற்றையும் 20 பிஎஸ்ஐக்குக் குறைத்தான். 60 அடி 2.45, மொத்தம் 17.1. கடைசி வேகம் அதே பழைய வேகம்தான். அதாவது ஒரு குதிரைத்திறன்கூடக் கூடாமல் அரை விநாடி கிடைத்தது.

பிறகு கணக்குப் போட்டதில் இன்னொரு பாரம் மிச்சம் இருந்தது. அவன் 94 கிலோ, நான் 53. உடம்பைக் குறை என்றால் நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே தலையாட்டுவான். நானே ஹெல்மெட் போட்டு உட்கார்ந்தேன். 16.84. இத்தனைக்கும் நான் மூன்றாவது கியரை ஒரு முறை தேடினேன்.

ஓட்டுவதில் எனக்குப் பிடித்தது அந்த விளக்கு. மஞ்சள் மூன்றும் அரை விநாடி இடைவெளியில் ஒவ்வொன்றாக இறங்கும், அப்புறம் பச்சை. பச்சைக்குக் காத்திருப்பவர் தோற்றவர். கடைசி மஞ்சளிலேயே காலை விட வேண்டும், ஆனால் அவசரப்பட்டால் சிவப்பு எரியும், ஓட்டம் செல்லாது. மகன் பத்தில் மூன்று முறை சிவப்பு வாங்குவான். ஒரு தடவை எனக்கு எதிரே வந்தவரின் ஓட்டம் 16.55, என்னுடையது 16.84. ஆனால் பச்சைக்குப் பின் நான் கிளம்ப எடுத்தது 0.31, அவர் 0.72. கூட்டிப் பாருங்கள், 17.15க்கு 17.27. ஓட்ட நேரத்தின் கடிகாரம் சக்கரம் நகர்ந்த பிறகுதான் ஓடத் தொடங்கும் என்பதை அவருக்கு அவருடைய மகள் விளக்கிக்கொண்டிருந்தாள்.

குறைகள் இல்லாமல் இல்லை. பெரிய குறை சூடு. இந்த இன்ஜினில் காற்று போகும் வழியும் புகை வரும் வழியும் ஒரே பக்கம், கார்புரேட்டர் எக்ஸாஸ்டுக்கு மேலேயே உட்கார்ந்திருக்கும். வரிசையில் நாற்பது நிமிடம் ஊர்ந்தால் உள்ளே பெட்ரோல் கொதிக்கும், கிளம்பும் நேரம் அணைந்துவிடும். அடியில் பேக்கலைட் தகடு வைத்தோம், கொஞ்சம் தேவலை. முழுதாகச் சரியானது, தீபாவளிப் பலகாரம் சுடும் என் அலுமினியத் தட்டை எனக்குத் தெரியாமல் வெட்டி நடுவில் தடுப்பாக மாட்டிய பிறகுதான். ஏழு வருடத்தில் மிகக் குறைந்த செலவில் கிடைத்த பலன் அது. தட்டு இன்னும் வாங்கித் தரவில்லை.

ஏசி கிடையாது. ரோன் 97 பெட்ரோல் போட்டு லிட்டருக்கு 8 கிலோமீட்டர். மதியம் மழை வந்தால் தடம் காயும்வரை கூடாரத்தில் உட்கார்ந்து நெஸ்காஃபி குடிக்க வேண்டியதுதான், சில நாள் ஓடாமலே திரும்பியிருக்கிறோம். மற்றபடி பிரேக், கிளட்ச், ரப்பர் எல்லாம் இன்னும் தேடினால் கிடைக்கிறது, விலையும் பரவாயில்லை. தினமும் வேலைக்குப் போக இதை வாங்காதீர்கள். காரோடு சேர்த்து அடுத்தவர் வாயையும் பொறுத்துக்கொள்ள ஆள் இருந்தால் வாங்கலாம்.

இப்போதைக்குத் தீராத ஒன்று, இன்ஜினின் பின்பக்க ஆயில் சீல். இரண்டு முறை மாற்றியாயிற்று. காருக்கு அடியில் ஒரு மைலோ அட்டைப்பெட்டியை விரித்து வைத்து, ஒவ்வொரு சனிக்கிழமையும் கறையைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டுத் தேதி எழுதுகிறேன். போன வாரக் கோட்டைத் தாண்டி இந்த வாரம் ஒரு விரல்கடை. மகன் அட்டை நகர்ந்துவிட்டது என்கிறான்.