ஆத்தங்குடிக் கல் பதித்த எங்கள் கூடம்

செல்லூர் வீட்டைப் புதுப்பித்தபோது எல்லோரும் பளபளக்கும் வெள்ளை டைல்ஸ்தான் போடச் சொன்னார்கள். எனக்கோ காரைக்குடி அம்மாச்சி வீட்டுக் கூடத்து ஆத்தங்குடிக் கல் தரையின் குளிர்ச்சி காலிலேயே நின்றது. சரி என்று காரைக்குடி பக்கத்தில் இருக்கும் ஆத்தங்குடி கிராமத்துக்கே போய் ஒரு பட்டறையில் தரைக்கல் வாங்கினோம். கண்ணாடி மேல் அச்சு வைத்து, சாயம் கலந்த சிமெண்டை ஊற்றிக் கையாலேயே செய்கிறார்கள். சூளை கிடையாது, தண்ணீரில் ஊறவைத்துக் காயவைப்பதுதான். ஒரு கல்லைப் போல் இன்னொன்று இருக்காது, அதுதான் எனக்குப் பிடித்தது! ஏழு கல் ஓரம் உடைந்து வந்தது. கேட்டதும் மாற்றித் தந்தார்கள். பதிக்கும் கொத்தனாரையும் அங்கிருந்தே கூட்டி வாருங்கள். நாங்கள் இங்கே பிடித்த ஆள் கல்லுக்குக் கல் இடைவெளி விட்டுவிட்டார், பெயர்த்துத் திரும்பப் போட்டோம். அப்புறம் அம்மாவின் பழைய சுங்குடிச் சேலை ஜன்னல் திரையானது. தரையின் சிவப்புக்கு அப்படிப் பொருந்துகிறது.