டோர்ஸ்டாப்புடன் நான்கு ஆண்டுகள்: ஒரு கமா மாறினாலும் சந்தேகம்

முன்பு என்னோடு வேலை பார்த்த தம்பி ஒருவர் சென்ற வாரம் அழைத்தார். "அண்ணா, எங்கள் ரிக்வயர்மென்ட் எல்லாம் இன்னும் எக்செல்லில்தான் கிடக்கிறது. நீங்கள் டோர்ஸ்டாப்தானே வைத்திருக்கிறீர்கள், நாங்களும் அதற்கே மாறிவிடலாமா?" என்று கேட்டார். மென்பொருள் என்ன செய்ய வேண்டும் என்று எழுதிவைக்கும் வாசகம்தான் ரிக்வயர்மென்ட்; அவற்றையும் அவற்றுக்கு இடையிலான இணைப்புகளையும் பராமரிக்கும் கருவி டோர்ஸ்டாப். மின்சார ஸ்கூட்டரின் மோட்டார் கட்டுப்பாட்டு மென்பொருளுக்காக நான்கு ஆண்டுகளாக அதை அன்றாடம் பயன்படுத்தியும், அவருக்கு உடனே பதில் சொல்ல என்னால் முடியவில்லை. ஏன் முடியவில்லை என்பதை விளக்கவே இதை எழுதுகிறேன். அது இலவசக் கருவி, ஒவ்வொரு ரிக்வயர்மென்ட்டும் தனித்தனி யாமல் (எளிய உரை வடிவம்) கோப்பாக நிரலோடு சேர்ந்து, மாற்றங்களின் வரலாற்றைச் சேமிக்கும் கிட் களஞ்சியத்திலேயே இருக்கும் என்பவற்றைத் தெரிந்தவர்களுக்கான குறிப்பு இது. நிறுவும் முறையை விளக்கப் போவதில்லை.

என்னை முதலில் கவர்ந்ததும், இன்றுவரை எரிச்சலூட்டுவதும் ஒரே அம்சம்தான்: சஸ்பெக்ட் லிங்க், அதாவது சந்தேகத்துக்குரிய இணைப்பு. மேல்நிலை ரிக்வயர்மென்ட்டிலிருந்து பிரித்து எழுதிய கீழ்நிலை ரிக்வயர்மென்ட் அல்லது சோதனையின் கோப்பைத் திறந்தால், அது மேல்நிலையில் எதனோடு இணைந்திருக்கிறதோ அதன் அடையாள எண்ணும், அதையடுத்து எழுத்தும் எண்ணும் கலந்த நீண்ட சரம் ஒன்றும் இருக்கும். இணைப்பைச் சரிபார்த்த அன்று மேல்நிலை வாசகம் எப்படி இருந்தது என்பதன் கைரேகை அது. மேலே வாசகம் மாறினால் கைரேகை பொருந்தாது. அடுத்த முறை கருவியை இயக்கும்போது, இந்த இணைப்பைச் சந்தேகிக்க வேண்டும் என்று திரையில் ஒரு வரி வரும். யாராவது படித்துப் பார்த்து, இன்னும் பொருந்துகிறது என்று உறுதி செய்து, 'கிளியர்' கட்டளை கொடுத்தால்தான் அந்த வரி மறையும்.

'இன்னும் பொருந்துகிறதா' என்ற இந்தக் கேள்வியின் அருமை தெரிய வேண்டுமானால் 1996 ஜூன் 4 அன்று ஏவப்பட்டு, ஒரு நிமிடத்துக்குள் வெடித்துச் சிதறிய முதல் ஏரியன் 5 ராக்கெட்டை நினைத்துக்கொள்ள வேண்டும். 64 பிட் தசம எண் ஒன்றை 16 பிட் முழு எண்ணாக மாற்றும்போது அதில் அடங்காமல் வழிந்தோடியதுதான் விபத்துக்குக் காரணம் என்று எல்லாரும் சொல்வார்கள். ஆனால் விசாரணைக் குழுவின் அறிக்கையில் என்னை உறுத்தியது வேறொன்று. அந்தக் கணக்கைப் போட்ட பகுதிக்கு ராக்கெட் தரையை விட்டுக் கிளம்பிய பிறகு வேலையே இல்லை. ஏரியன் 4-க்கு இருந்த ஒரு தேவைக்காக, கிளம்பிய பின்னும் சுமார் 40 விநாடிகள் அது ஓடும்படி வைத்திருந்தார்கள். ஏரியன் 5-க்கு அந்தத் தேவை கிடையாது. மேலே உள்ளது மாறிவிட்டது, கீழே உள்ளது இன்னும் செல்லுமா என்ற கேள்வியை உரிய நேரத்தில் உரிய ஆளிடம் கேட்பதற்காகவே இப்படிப்பட்ட கருவிகள் இருக்கின்றன. டோர்ஸ்டாப் அதைச் சளைக்காமல் கேட்கிறது.

அளவு தெரியாமலும் கேட்கிறது என்பதுதான் என் குறை. ஒரு கமாவை நீக்கினாலும், எழுத்துப் பிழை ஒன்றைத் திருத்தினாலும், 200 என்பதை 100 ஆக்கினாலும் அதற்கு எல்லாம் ஒன்றுதான்; கைரேகை மாறிவிட்டது, அவ்வளவே. "இது வெறும் மொழித் திருத்தம், பொருள் மாறவில்லை" என்று திருத்துபவர் அறிவிப்பதற்கு நான் பயன்படுத்திய பதிப்புகள் எதிலும் வழியைக் காணவில்லை.

இரண்டாம் ஆண்டில் இதற்கு நாங்கள் கொடுத்த விலையைச் சொல்கிறேன். ரோல்ஸ் ராய்ஸ் பொறியாளர்கள் 2009-இல் வெளியிட்ட 'இயர்ஸ்' வாக்கிய அமைப்பு பலருக்குத் தெரிந்திருக்கும்: இன்ன நிகழ்வு நேரும்போது இன்ன அமைப்பு இன்னதைச் செய்ய வேண்டும் என்று ஒரே சட்டகத்தில் எழுதுவது. எங்கள் பழைய வாசகங்களையும் அப்படி மாற்றி எழுத முடிவு செய்தோம். நல்ல முடிவுதான், படிக்கவே முடியாமல் இருந்த பல வாக்கியங்கள் அதன் பிறகுதான் தெளிந்தன. அந்த வாரமே வாடிக்கையாளரிடமிருந்து ஒரு மாற்றமும் வந்தது. சைடு ஸ்டாண்டு இறக்கப்பட்டால் 200 மில்லி விநாடிக்குள் மோட்டாரின் டார்க் (சுழற்று விசை) சுழியமாக வேண்டும் என்றிருந்தது, 100 மில்லி விநாடி ஆனது. மாற்றி எழுதிக்கொண்டிருந்தவர் இதையும் அதே கமிட்டில் (கிட்டில் ஒன்றாகப் பதியும் மாற்றத் தொகுப்பில்) சேர்த்துவிட்டார். திங்கட்கிழமை காலையில் திரை நிறைய எச்சரிக்கை வரிகள். நான் முதல் பத்துப் பன்னிரண்டைத் திறந்து பார்த்தேன். எல்லாம் வாக்கிய மாற்றமே. மீதியும் அப்படித்தான் இருக்கும் என்று நம்பி, எல்லா இணைப்புகளையும் ஒரே அடியாக ஏற்கும் 'கிளியர் ஆல்' கொடுத்தேன். ஒரே நொடியில் எல்லாம் அடங்கியது.

சோதனை பழைய 200 வரம்பையே பார்த்துக்கொண்டிருந்தது, 170 மில்லி விநாடியில் தேறியது, அறிக்கை பச்சையாக வந்தது. வெளியீட்டுக்கு முன் அறிக்கையைப் படித்த பெண் பொறியாளர் ஒருவர், வரம்புப் பத்தியில் இருக்கும் எண்ணும் ரிக்வயர்மென்ட்டில் இருக்கும் எண்ணும் வேறாக இருக்கின்றனவே என்று கேட்டிராவிட்டால், வண்டிகள் அப்படியே போயிருக்கும். எண்ணை மட்டும் திருத்தவும் முடியவில்லை. ஸ்விட்ச் சிக்னல் நிலையானது என்று ஏற்க 20 மில்லி விநாடி இடைவெளியில் ஐந்து முறை படித்துக்கொண்டிருந்தோம். அதிலேயே அனுமதித்த நேரம் முழுவதும் கரைந்துவிடும். படிக்கும் வேகத்தையே மாற்ற வேண்டியதாயிற்று. 'கிளியர் ஆல்' கொடுத்தது நான், பிழை என்னுடையது. ஆயினும் பொருளற்ற எச்சரிக்கைகளுக்கு நடுவே பொருளுள்ள ஒன்றை வேறுபாடே இல்லாமல் வைத்துக் காட்டும் கருவி, மனிதரைக் கண்மூடிக் கடக்கத்தான் பழக்குகிறது என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன்.

அதன் பிறகு இரண்டு விதிகள் வைத்தோம்: மொழித் திருத்தத்துக்குத் தனி கமிட், இணைப்புகளை ஒவ்வொன்றாக மட்டுமே கிளியர் செய்து, காரணத்தை ஒரு வரியில் எழுதுவது. இதனால் எதிர்பாராத நன்மை ஒன்று கிடைத்தது. இரண்டு ஆண்டுக்கு முன் ஓர் இணைப்பை யார், என்றைக்கு, என்ன காரணத்தால் ஏற்றார் என்பது கிட் வரலாற்றில் அந்த வரிக்கு நேராகவே நிற்கிறது. வாகன மின்னணு அமைப்புகளின் பாதுகாப்புக்கான ஐஎஸ்ஓ 26262 தரநிலை 2018-ஆம் ஆண்டுப் பதிப்பில் மோட்டார் சைக்கிள்களுக்கும் விரிந்த பிறகு, தணிக்கைக்கு வருபவர்கள் மேலிருந்து கீழும் கீழிருந்து மேலும் தொடர்பு காட்டச் சொல்கிறார்கள். சென்ற தணிக்கையில் சைடு ஸ்டாண்டு ரிக்வயர்மென்ட்டை எடுத்து, அதன் சோதனை வரைக்கும் சில நிமிடங்களில் காட்டினேன். முன்பு வேறோர் இடத்தில், கட்டணக் கருவி ஒன்றின் உரிமம் யாராவது வெளியேறினால்தான் கிடைக்கும் என்று காலை முழுவதும் காத்திருந்தவன் நான். இந்த நிம்மதியைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். எக்செல்லுக்கு ஏற்றுமதி செய்வது, வலைப்பக்கமாக வெளியிடுவது போன்றவை வேலைக்குப் போதும்.

இவ்வளவு சொன்ன பிறகும் தம்பிக்கு நான் கொடுத்த பதில் "இப்போது வேண்டாம்" என்பதுதான். அவர் குழுவில் ஐந்து பேர். இரண்டு மாதத்தில் வெளியீடு. வாசகங்கள் இன்னும் அன்றாடம் மாறிக்கொண்டிருக்கின்றன. இந்த நிலையில் மாறினால் முதல் வாரமே அவரும் 'கிளியர் ஆல்' கொடுப்பார். வாசகங்கள் ஓரளவு நிலைத்த பிறகு பேசுவோம் என்றேன். என் கசப்பும் அந்தப் பதிலில் கலந்திருக்கலாம். அவர் அழைத்தபோது 'சைடு ஸ்டாண்டு' என்ற சொல்லுக்கு நடுவே யாரோ ஒரு சிறு கோடு சேர்த்ததால் வந்த முப்பத்தொரு எச்சரிக்கைகளில் பதினேழாவதைப் படித்துக்கொண்டிருந்தேன். பேசி முடித்துவிட்டுப் பதினெட்டாவதைத் திறந்தேன்.